மை காய்வதற்குள்

பட்டறையில் எல்லாருக்கும் அவள் மிஷினக்கா. கூடப் பிறந்த அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். தன்னைவிடச் சின்னவளை அக்கா என்கிறோமே என்று அவனுக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. சட்டைகளில் அச்சடிக்கும் அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் மிஷினை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் பெயரைவிட வேலைதான் முதலில் வாயில் வந்தது.

அண்ணன்தான் முதலாளி. அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவன் காதில் விழாமல்தான் சொல்வார்கள்: ஆயிடும். போனில் யார் எதைக் கேட்டாலும் அவன் வாயில் வரும் முதல் வார்த்தை அது. நாளைக்கே வேண்டுமா, ஆயிடும். முன்னும் பின்னும் அடிக்க வேண்டுமா, ஆயிடும். போனை வைத்த பிறகுதான் எப்படி ஆகும் என்ற கேள்வியே வரும். அந்தக் கேள்வி தங்கையின் தலையில் போய் விடியும்.

மிஷினுக்கு மாமியார் என்று பெயர் வைத்தது அவளேதான். மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து அண்ணன் அதை லாரியில் ஏற்றி வந்தபோதே அதற்கு நன்றாக வயதாகியிருந்தது. நடுவில் ஒரு தூண், அதைச் சுற்றிக் குடைக்கம்பிபோல் நீளும் கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு பலகை. பலகையில் சட்டையை மாட்டினால் கை ஒரு கட்டம் நகரும். மேலேயிருந்து, எழுத்தோ படமோ பதித்த வலைச்சட்டமான ஸ்கிரீன் இறங்கும். ரப்பர் பட்டை மையை இழுத்துத் துணியில் பதிக்கும். எல்லாம் காற்றின் அழுத்தத்தில் நடப்பதால் மாமியார் நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டேதான் வேலை செய்வாள். திடீரென்று, காரணம் சொல்லாமல், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். நிஜ மாமியார் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத மனுஷி. இந்தப் பெயர் அவர் காதுக்குப் போய்விடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

கல்யாணமான புதிதில், ஒரு வாரம் வந்து கூடமாட ஒத்தாசை பண்ணு என்று அண்ணன் கூப்பிட்டதற்கு வந்தவள் அவள். அப்போது மிஷின் கிடையாது. ஒரு மர மேஜை, கையால் இழுக்கும் ஸ்கிரீன், அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டார்கள். கணவர் டவுன் பஸ் ஓட்டினார். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பித் தெருமுனையில் பிரிவார்கள்.

முன்பெல்லாம் பிளாஸ்டிக் மைதான். அந்த மை நல்ல பிள்ளை. ஸ்கிரீனில் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போகலாம், வந்து பார்த்தால் விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கும். சூடு காட்டும்வரை அது காயவே காயாது. மாமியார் எத்தனை தடவை நின்றாலும் கவலையில்லை. திட்டிக்கொண்டே எண்ணெய் விட்டு, தட்டிக்கொட்டி, மறுபடி ஓட்டலாம். அந்த ஒத்துழைப்பில்தான் அவர்கள் குடும்பம் ஓடியது என்றே சொல்ல வேண்டும்.

ஒருநாள் அண்ணன் எங்கேயோ ஒரு கண்காட்சிக்குப் போய் ஒரு கறுப்புச் சட்டையோடு வந்தான். நெஞ்சில் பெரிதாக வெளிர் நிறத்தில் ஒரு படம். தடவிப் பார் என்றான். அவள் தடவினாள். துணிதான் இருந்தது, மை இருக்கிற சுவடே விரலுக்குத் தெரியவில்லை. அதுதான் டிஸ்சார்ஜ். தண்ணீரில் கரைத்த மையில் ஒரு பொடியைக் கலந்து அடிப்பது. மை துணிமேல் அப்பிக்கொண்டு உட்காராது. ட்ரையர் என்ற சூட்டுப்பெட்டிக்குள் போய்ச் சூடு பட்டதும் துணியிலிருக்கும் சாயத்தைத் தின்றுவிட்டு, அந்த இடத்தில் தன் நிறத்தை வைக்கும். அவளுக்கும் அந்தச் சட்டை பிடித்துத்தான் இருந்தது. பின்னால் வந்த எல்லாத் தொல்லைக்கும் நடுவில், அன்று தலையாட்டியவள் தானும்தான் என்பது அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

தொல்லை முதல் வாரத்திலேயே ஆரம்பித்தது. தண்ணீர் மை காற்றுப் பட்டாலே காயும். புது மிஷின்களில், ஓட்டம் நின்றாலும் ஸ்கிரீன்மேல் மை தானாகப் பரவி ஈரம் காக்கும் என்று கேள்வி. மாமியாருக்கு அதெல்லாம் தெரியாது. மையை இழுத்த கையோடு ஸ்கிரீனை வெறுமையாக விட்டுவிட்டு நிற்பாள். மிஷினக்கா காற்று வால்வைத் தட்டி, குழாயை உதறி, கெஞ்சிக் கூத்தாடி ஓட வைப்பதற்குள் வலைக்கண்ணெல்லாம் காய்ந்து அடைத்துப்போகும். அடுத்த சட்டையில் எழுத்து பாதிதான் விழும். ஸ்கிரீனைக் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவக் கழுவ அதிலிருக்கும் எழுத்தின் ஓரம் கரையும், புது ஸ்கிரீன் போட வேண்டும். இதற்குள் பொடி கலந்த மை வாளியில் தன் வீரியத்தை இழந்துகொண்டிருக்கும். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

போதாக்குறைக்கு நாற்றம் வேறு. ட்ரையரிலிருந்து அழுகிய முட்டைபோல் ஒரு வாடை கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். பக்கத்துக் கட்டடத்தில் கணக்கெழுதும் ஆபீஸிலிருந்து ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, உங்கள் கழிவறையில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பவ்யமாக விசாரித்துவிட்டுப் போனார். புகையை வெளியே இழுக்க ஒரு ஃபேன் வேண்டும், காற்றுக்குழாய்க்குப் புது வால்வு வேண்டும் என்று அவள் அண்ணனிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான், உடனே அடுத்த போனை எடுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஆம்புலன்ஸ்காரம்மா வந்தாள். சம்பளம் வாங்காமல் ஆம்புலன்ஸ் ஓட்டும் தன்னார்வலர்களின் சங்கம் ஒன்றின் சார்பாக வந்தவள். அவர்கள் எல்லாரும் ஒன்றுகூடும் நாளுக்குக் கருநீலச் சட்டையில், முதுகில் பெரிதாகச் சங்கத்தின் பெயர் வேண்டும். சட்டைகளை அவர்களே பெட்டி பெட்டியாக வாங்கித் தந்துவிட்டார்கள். வெயிலில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களுக்கு முதுகு வேகக் கூடாது, மை கனக்காமல் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அண்ணன் என்ன சொல்லியிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

அச்சடிக்கும் நாள் காலையில் மிஷினக்கா, பெட்டிக்கு ஒரு சட்டையாக எடுத்து முதலில் அடித்துப் பார்த்துவிடலாம் என்றாள். டிஸ்சார்ஜ் எல்லாச் சாயத்தையும் ஒரேபோல் தின்னாது. கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரிவது ட்ரையருக்குள் போனால் வேறு வேஷம் போடும். அண்ணன் கேட்கவில்லை. எல்லாம் ஒரே கடைச் சரக்குதானே, ஒன்றைப் பார்த்தால் போதாதா, மை கலந்தாயிற்று, பொழுது போகிறது என்றான். அவளுக்கும் வாதாடி அலுத்துப் போயிருந்தது. முதல் பெட்டியிலிருந்து ஒன்றை அடித்தாள். சந்தன நிறத்தில் எழுத்து பளிச்சென்று வந்தது. சரி என்று ஓட்ட ஆரம்பித்தாள்.

அன்றைக்கென்று மாமியார் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. கொஞ்சம் ஓடுவாள், நிற்பாள். மிஷினக்கா ஓடிப்போய் ஸ்கிரீனில் தண்ணீர் தெளிப்பாள். தண்ணீர் கூடினால் மை கசியும், குறைந்தால் காயும். ஒரு கையில் தெளிப்பான், ஒரு கையில் ஈரத்துணி, வாயில் வசவு. ஸ்கிரீன் தயார்செய்கிறவர் மறுபக்கம் நின்று அடித்த சட்டைகளைக் கழற்றி ட்ரையர் பெல்ட்டில் போட்டார். ட்ரையரின் அந்த முனையில் அண்ணி நின்று வாங்கி அடுக்கினாள். அண்ணனின் மனைவி, அதிகம் பேசாதவள். அவள் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து, மிஷினைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் நிற்காதோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நல்லதுக்குத்தான் கேட்டாள். ஆனால் அந்த நேரம் மிஷினக்காவின் கை வால்வுக்குள் இருந்தது.

"அண்ணி, நீங்க உங்க முனையைப் பாருங்க. இதை நான் பாத்துக்கறேன்."

அண்ணி தன் முனைக்குத் திரும்பிப் போனாள்.

உச்சி வெயில் தாழ்ந்த பிறகுதான் மிஷினக்கா தண்ணீர் குடிக்க ட்ரையரின் அந்த முனைக்குப் போனாள். அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்ததும் சொம்பு கையிலேயே நின்றது. அடியில் இருந்தவை சந்தன நிறம். அதற்கு மேல் இருந்ததெல்லாம் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு அழுக்கு நிறம், சேறு தெறித்துக் காய்ந்ததுபோல. அந்த அடுக்கு அவள் இடுப்புவரை வந்திருந்தது.

"இது எப்பலேர்ந்து?" என்றாள்.

"ரெண்டாவது பெட்டி பிரிச்சதுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

அண்ணி கையிலிருந்த சட்டையை மடித்து மேலே வைத்தாள். "என் முனையைத்தானே பாக்கச் சொன்னே."

தான் சொன்னதே திரும்பி வந்ததில் மிஷினக்காவுக்குக் கோபம் வந்தது. ட்ரையரின் சூட்டை மாற்றினீர்களா என்று அண்ணியைக் கேட்டாள். மாற்றவில்லை. பொடியைச் சரியாக நிறுத்தீர்களா என்று ஸ்கிரீன்காரரைக் கேட்டாள். நீங்கள்தானே நிறுத்தீர்கள் என்றார் அவர். கடைசியில் முதல் பெட்டியில் மிஞ்சியிருந்த ஒரு சட்டையையும் இரண்டாவது பெட்டிச் சட்டை ஒன்றையும் அடுத்தடுத்து அடித்து ஒன்றாக உள்ளே விட்டாள். ஒன்று சந்தனமாக வந்தது, மற்றது சேறாக வந்தது. ஆக, குற்றம் மிஷினிலும் இல்லை, மையிலும் இல்லை, ட்ரையரிலும் இல்லை. இரண்டு பெட்டிக்கும் சாயம் வேறு. காலையில் ஒரே ஒரு சட்டை கூடுதலாக அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாள் முழுக்க மாமியாரோடு மல்லுக்கட்டியதில், தப்பு இன்னொரு வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

மூக்கில் வேர்த்ததுபோல் அண்ணன் வந்து சேர்ந்தான். ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான், தள்ளிப் பிடித்துப் பார்த்தான், கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். இதுவும் ஒரு நிறம்தானே, பழசுபோலத் தெரிவதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றான்.

"நீ போட்டுக்கிட்டு வெளிய போவியா?" என்றாள் அவள்.

அண்ணன் சட்டையைக் கீழே போட்டான். "காலைலயே பாத்திருக்க வேண்டியதுதானே. மிஷின்கிட்ட நிக்கறது நீயா நானா?"

அவள் நேராகப் போய், மிஷினுக்குக் காற்று தரும் கம்ப்ரசரை அணைத்தாள். இத்தனை வருடத்தில் வேலை நடுவில் அவள் அதை அணைத்ததே இல்லை. மாமியார் கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கினாள். மிஷினக்கா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தாள்.

எங்கே போவது என்று தெரியாமல்தான் நடந்தாள். கால் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது. கணவரின் வண்டி அங்கேதான் திரும்பும். அவளைப் பார்த்ததும் அவர் பின் சீட்டைக் கண்ணால் காட்டினார். அவள் டிரைவருக்குப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். பின்னால் ஒரு பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்து, அது இல்லை என்று தெரிந்து குழம்பினாள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. அவளுக்குத் தெரியும், வாடை அவள் தலைமுடியிலும் புடவையிலும்தான். இறங்கி ஓடிவிடலாம்போல் இருந்தது. அழுகை வேறு வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு கணவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஜன்னல் பூரா தொறந்தாச்சு. இப்ப சொல்லு."

அவள் கொட்டித் தீர்த்தாள். அண்ணன், மிஷின், வால்வு, வராத ஃபேன், இரண்டாவது பெட்டி, அண்ணியிடம் சிடுசிடுத்தது, எல்லாவற்றையும். இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, திரும்பும்போது வீட்டுப் பக்கம் நிறுத்தட்டுமா, பட்டறைப் பக்கம் நிறுத்தட்டுமா என்று மட்டும் கேட்டார்.

அவள் யோசித்தாள். "பட்டறைலயே நிறுத்துங்க. மை ஸ்கிரீன்ல இருக்கு. காஞ்சிடும்."

சொன்ன மறுநிமிடமே தன்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

பட்டறையில் அண்ணன் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் அண்ணி குனிந்து ஸ்கிரீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை நனைந்திருந்தது. மற்ற ஸ்கிரீன்கள் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மை வாளிகள் மூடியிருந்தன.

"காஞ்சா நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம்னு எடுத்துட்டேன்," என்றாள் அண்ணி, நிமிராமல்.

மிஷினக்கா புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். காலையில் பேசியது தப்பு என்றாள். அண்ணி, அந்தப் பக்கத்து பிரஷை எடு என்றாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

ஆம்புலன்ஸ்காரம்மாவுக்கு அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அண்ணனிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. ஆம்புலன்ஸ்காரம்மா மறுநாள் பணி உடுப்போடேயே வந்தாள். நல்ல சட்டைகளைத் தடவிப் பார்த்து முகம் மலர்ந்தாள். சேற்று நிறச் சட்டையை விரித்ததும் முகம் சுருங்கியது. "இதைப் போட்டுட்டு அடிபட்டவங்க முன்னால போய் நின்னா, எங்களுக்கே முதலுதவி வேணும்னு நெனப்பாங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அண்ணனை அதிகம் சுட்டது. கெட்டுப்போன சட்டைகளுக்குப் பதில் தன் செலவில் வாங்கித் தருவதாக அவனாகவே சொன்னான். ஆனால் கிடைத்த சட்டைகள் வேறு கடைச் சரக்கு. அந்தச் சாயத்தை நம்பிச் சோதித்துக்கொண்டிருக்க நாளில்லை. அவற்றில் பழைய பிளாஸ்டிக் மையையே அடித்துக் கொடுத்தார்கள். ஒரே சங்கத்தில் பாதிப் பேர் முதுகில் பூப்போல எழுத்து, பாதிப் பேர் முதுகில் பலகைபோல எழுத்து.

அதன் பிறகு அவள் அண்ணனிடம் சாந்தமாகவே பேசினாள். பெட்டிக்கொரு சட்டை சோதிக்காமல் மொத்த மையையும் கலக்கமாட்டேன், ஃபேனும் வால்வும் வராமல் டிஸ்சார்ஜ் ஆர்டருக்கு மிஷினைத் தொடமாட்டேன் என்றாள். அண்ணி பக்கத்தில் நின்றிருந்தாள். அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தான், அங்கே தனக்கு ஆதரவு இல்லை என்று தெரிந்துகொண்டு ஒத்துக்கொண்டான். வால்வு வந்தது. ஃபேனும் வந்தது, ஆனால் சுவரிலிருந்த ஓட்டையைவிடப் பெரிதாக. கொத்தனார் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தடித்த காலமெல்லாம் அது பெட்டியோடு மூலையில் கிடந்து, டீ டம்ளர் வைக்கப் பயன்பட்டது. கடைசியில் பொருத்தியபோது திசை மாற்றிப் பொருத்திவிட்டார்கள். வெளியே போக வேண்டிய புகை போகாமல் தெருப் புழுதி உள்ளே வந்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு படலம்.

இருந்தாலும் மெல்ல மெல்ல வேலை வசத்துக்கு வந்தது. காற்றுத் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் காலையில் வடித்துவிட்டால் மாமியார் அவ்வளவாக நிற்பதில்லை என்று கண்டுபிடித்தாள். நின்றாலும், ஸ்கிரீன்மேல் கையால் மையை இழுத்து மூடிவிட்டுப் பிறகு வால்வைப் பார்க்கப் பழகினாள். கண்காட்சிச் சட்டையைப்போலவே, தடவினால் தெரியாத அச்சு அவள் கையிலும் வந்தது. அப்படி வந்த நாட்களில் ஒரு சட்டையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாள். அண்ணி பார்த்துவிட்டால் தூசி தட்டுவதுபோல் நடிப்பாள்.

அடுத்த வருடம் ஆம்புலன்ஸ்காரம்மா மறுபடி வந்தாள். சங்கம் பெருகிவிட்டது, முன்பைவிட நிறையச் சட்டை வேண்டும். மிஷினக்கா உள்ளிருந்து ஓடிவந்தாள். இந்தத் தடவை சட்டையை நாங்களே வாங்குகிறோம், ஒரே சாயமாகப் பார்த்து எடுக்கிறோம், ஒரு எழுத்துகூடப் பிசகாது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ஆம்புலன்ஸ்காரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சங்கடப்பட்டாள்.

"தப்பா நெனக்காதீங்க. எங்க ஆளுங்களுக்கு அந்தக் கனமான எழுத்துதான் பிடிச்சிருக்கு. இருட்டுல வண்டி வெளிச்சம் பட்டா தூரத்துலேர்ந்தே தெரியுதாம். எல்லாமே அந்த மையிலயே அடிச்சுக் குடுத்திடுங்க."

"முதுகு வேகும்னு சொன்னீங்களே," என்றாள் மிஷினக்கா.

பழகிவிட்டது என்றாள் ஆம்புலன்ஸ்காரம்மா.

அண்ணன் வாயெல்லாம் பல்லாக ஆர்டரை வாங்கிக்கொண்டான். பிளாஸ்டிக் மை டப்பாக்களை மேல்தட்டிலிருந்து இறக்கினார்கள். மாமியார் அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. ஸ்கிரீன் அடைக்கவில்லை, வாடை இல்லை, கண் எரியவில்லை. பக்கத்து ஆபீஸ்காரர் வாசலில் நின்று, எல்லாம் சரிசெய்துவிட்டீர்கள்போல என்று பாராட்டினார். மிஷினக்கா யாரோடும் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஸ்கிரீன்காரர் சொன்ன ஒரு வேடிக்கைக்கும் சிரிக்கவில்லை. டீயை ஆறவிட்டு அப்படியே ஊற்றினாள். அடித்த சட்டை ஒன்றைத் தடவிப் பார்த்தாள், எழுத்து பலகைபோல விரலில் இடித்தது.

வீட்டுக்கு வந்து பையைத் தொப்பென்று போட்டவளைக் கணவர் பார்த்தார். மிஷின் மறுபடி நின்றுவிட்டதா என்று கேட்டார்.

"ஒரு பிரச்சினையும் இல்ல. நாள் பூரா நல்லா ஓடுச்சு," என்றாள் அவள்.

அவள் குளிக்கப் போனாள். தலைமுடியை முகர்ந்து பார்த்தாள், வாடையே இல்லை. அப்படியும் சோப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.